‘அது எங்க துறை இல்லீங்க!’ – கொல்லிமலைப் பள்ளிகளின் பஞ்சாயத்தைத் தீர்ப்பது யார்?

‘அது எங்க துறை இல்லீங்க.’ அரசு அலுவலகப் படியேறிய எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட பதில் இது. பட்டா, மின் இணைப்பு என்றால் நாலு நாள் அலைச்சலோடு போய்விடும். இதே பதில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டால்? தண்ணீர் வராத கழிப்பறையின் வாசலில் ஏழாம் வகுப்புச் சிறுமி நிற்பாள்.

கல்லூரிகளில் துறைச் சண்டை என்றால் நமக்குத் தெரிந்த கதைதான். ஆய்வுக்கூடம் யாருக்கு எந்த நேரம், கருத்தரங்குக்கு அரங்கம் யாருக்கு, புதிதாக வந்த கம்ப்யூட்டர்கள் எந்த மாடிக்கு. முட்டல் முற்றினால் முதல்வர் இரண்டு துறைத் தலைவர்களையும் அறைக்கு அழைத்து, டீ வரவழைத்து, பேசி முடித்துவிடுவார். இருவருக்கும் மேலே ஒருவர் அதே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அங்கே சௌகரியம்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் அந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே பள்ளிக்குள் உரசிக்கொள்வது இயற்பியலும் வேதியியலும் அல்ல, அரசின் துறைகள். இரண்டு துறைக்கும் பொதுவான மேலதிகாரி வேண்டுமென்றால் மலையிறங்கி நாமக்கல்லுக்குப் போக வேண்டும். சில விஷயங்களுக்குச் சென்னைக்கே போக வேண்டும்.

14 நாடுகள், இரண்டு வகைப் பள்ளிகள்

அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து சோளக்காடு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆடி மாதம் நடக்கும் வல்வில் ஓரி விழா. மலையில் வாழ்கிறவர்களுக்கு அது 14 நாடுகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, பைல் நாடு என்று நீளும் அந்த வரிசையில் ஒன்று குண்டனி நாடு. பழைய ‘நாடு’ அமைப்புதான் இன்றைக்கு ஊராட்சிகளாகத் தொடர்கிறது. ஒன்றிய அலுவலகம் செம்மேட்டில்.

2011 கணக்கெடுப்பின்படி மலையில் சுமார் 40 ஆயிரம் பேர். ஏறக்குறைய எல்லோரும் ‘மலையாளி’ பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, தாய்மொழி தமிழ். மிளகு, காப்பி, மரவள்ளி, அன்னாசி, வாழை என்று விவசாயம். அது போதாத குடும்பங்கள் கேரளத் தோட்டங்களுக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போய் வருகின்றன. அப்பா, அம்மா மாதக்கணக்கில் ஊரில் இல்லாதபோது பிள்ளை எங்கே சாப்பிடும், எங்கே தூங்கும்? உண்டு உறைவிடப் பள்ளி என்ற ஏற்பாட்டின் அருமை இந்த இடத்தில்தான் புரியும். தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 2011-ல் 54.3 சதவீதம். மாநிலத்தின் சராசரி அப்போதே 80.1.

மலையில் அரசுப் பள்ளிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், அரசுப் பள்ளிகள். இன்னொன்று, பழங்குடியினர் நலத் துறை நடத்தும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். மாநிலம் முழுக்க இந்த இரண்டாம் வகைப் பள்ளிகள் 300-க்கும் மேல் இருக்கின்றன. சிக்கல் பெரும்பாலும் இவற்றில்தான்.

பாடத்திட்டமும் பாடநூலும் பொதுத்தேர்வும் பள்ளிக் கல்வித் துறையுடையவை. ஆசிரியரின் சம்பளம், பதவி உயர்வு, இடமாறுதல் எல்லாம் பழங்குடியினர் நலத் துறை. கட்டடப் பணி தாட்கோவோ பொதுப்பணித் துறையோ. குடிநீர் ஊராட்சி, அதாவது ஊரக வளர்ச்சித் துறை. விடுதியில் தங்கும் பிள்ளைக்கு விடுதிச் சாப்பாடு. வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்குச் சமூக நலத் துறையின் சத்துணவு. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் வருவாய்த் துறை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மரத்தை வெட்ட வேண்டுமென்றால் வனத்துறை. எண்ணிப் பார்த்தால் அரை டஜனுக்கு மேல் போகிறது.

போதாததற்கு, செங்கரையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி. அது மத்திய பழங்குடியினர் விவகார அமைச்சகத்தின் திட்டம். இந்தப் பள்ளிகளுக்காக 2023-ல் நாடு முழுவதும் ஒரே தேர்வு வைத்து ஆசிரியர்களை எடுத்தார்கள். வட மாநிலத்தவர் பலர் தென் மாநிலங்களுக்கு வந்து, பிள்ளைகளின் மொழி தெரியாமல் தவித்தது செய்தியானது. ஆள் எடுப்பது டெல்லி, பாடம் கேட்பது மலைப் பிள்ளை. நடுவில் மாட்டிக்கொள்வது வழக்கம்போலப் பள்ளி முதல்வர்.

ஒரு மோட்டார் எரிந்துபோனால்...

ஒரு சாதாரண விஷயத்தை எடுத்துக்கொள்வோம். உறைவிடப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று வையுங்கள். கட்டடம் நலத் துறையுடையது என்பதால் தலைமையாசிரியர் அவர்களுக்கு எழுதுகிறார். மதிப்பீடு போட வேண்டியது பொறியியல் பிரிவு. அவர்கள் வந்து பார்த்து, ஆழ்துளைக் கிணறு ஊராட்சியுடையதாயிற்றே என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால், பள்ளி வளாகத்துக்குள் செலவு செய்தால் தணிக்கையில் கேள்வி வரும் என்பார்கள். பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிற அலுவலர் கழிப்பறை சுத்தமில்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போவார். எழுதலாம், சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறார். எல்லோரும் சரியாக நடந்தும் தண்ணீர் வரவில்லை.

அரசு ஊழியர் எல்லோரும் அறிந்த சொற்றொடர் ஒன்று உண்டு: ‘உரிய வழியாக’. ஒரு துறையின் தலைமையாசிரியர் அடுத்த துறையின் அலுவலருக்கு நேராகக் கடிதம் போட்டுக் கேட்க முடியாது. தன் மேலதிகாரிக்கு எழுதி, அவர் அவருக்கு மேலே எழுதி, அங்கிருந்து அடுத்த துறையின் தலைமைக்குப் போய், பிறகு கீழே இறங்க வேண்டும். சென்னையில் பழங்குடியினர் நல இயக்ககம் சேப்பாக்கத்தில். பள்ளிக் கல்வியின் தலைமையகம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். இடையே சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். தபால் போகத்தான் நாளாகிறது.

தலைமையாசிரியரே வார்டன்

துறைகளுக்கு இடையே மட்டுமல்ல, ஒரே பள்ளிக்குள்ளும் இரண்டு பக்கம் இருக்கிறது. வகுப்பு ஒரு பக்கம், விடுதி இன்னொரு பக்கம்.

மாலையில் தனி வகுப்பு வைக்க ஆசிரியர் விரும்புவார். அதே நேரத்தில்தான் விடுதியில் பிள்ளைகள் துணி துவைக்க வேண்டும், குளிக்க வேண்டும், சாப்பாட்டு வரிசையில் நிற்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்? அடுத்த நாள் முதல் பீரியடில் அதே ஆள் பாடம் எடுக்க வேண்டுமா? அரிசி மூட்டை வந்து இறங்கும் நேரம் கணக்கு வகுப்பாக இருந்தால் எதை விடுவது?

பல உறைவிடப் பள்ளிகளில் இதற்குக் கிடைத்த தீர்வு, தலைமையாசிரியரோ ஆசிரியர் ஒருவரோ வார்டன் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பது. தாளில் பார்த்தால் அழகு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள் என்றால் சண்டையே வராது அல்லவா? உண்மையில் சண்டை தீரவில்லை, ஒரு மனிதருக்குள் போய் ஒளிந்துகொண்டது. விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று பிள்ளை யாரிடம் சொல்லும்? தலைமையாசிரியரிடம். விடுதியை நடத்துவது யார்? அதே தலைமையாசிரியர். புகார் சொல்கிற இடமும் புகாருக்கு ஆளானவரின் இடமும் ஒன்றாகிவிட்டால், பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளத்தான் பழகும்.

அந்த இடத்தில் இருக்கும் ஆசிரியரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். விடுதி மாணவருக்கான உணவுக் கட்டணத்தை 2023-ல் அரசு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்த்தியது. நாள் கணக்கில் வகுத்தால் 47 ரூபாய்க்குள். கீழேயிருந்து காய்கறி 70 வளைவு ஏறி வருவதற்குள் விலையும் ஏறிவிடுகிற ஊர் அது. அந்தக் கணக்கையும் பார்த்துக்கொண்டு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால், எந்த மனிதருக்கும் கஷ்டம்தான்.

ஒரே துறையாக்கிவிட்டால் தீர்ந்துவிடுமா?

இந்தத் தலைவலிக்கு அரசே ஒரு வைத்தியம் சொன்னது. 2023 மார்ச் 20 அன்று, அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அந்த அறிவிப்பு இருந்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை, அறநிலையத் துறை, வனத்துறை என்று பல துறைகள் நடத்தும் பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும்; ஆசிரியர்களின் பணிப் பலன்கள் பாதுகாக்கப்படும் என்றார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், யாருக்காக இணைப்பதாகச் சொன்னார்களோ அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ள ஊர்கள் போராடின. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் விஷயத்தில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி கேள்வி எழுப்பியது. எங்களுக்கென்று இருந்த பள்ளி பொதுக் கடலில் கரைந்துவிட்டால், எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பணமும் வேலைவாய்ப்பும் என்னாகும் என்ற பயம் அது. மலையில் இந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி ஒரு துறைக்கும் விடுதி ஒரு துறைக்கும் போனால், இன்றைக்கு ஒரே வளாகத்தில் நடக்கிற இழுபறி நாளைக்கு இரண்டு துறைகளின் இழுபறியாகிவிடும்.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் தந்த அறிக்கையில் எல்லாப் பள்ளிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அங்கே காரணம் நிர்வாகம் அல்ல. பள்ளிப் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருப்பது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களை எடை போட்டு முடிப்பதற்குள் மோட்டார் எரிந்த பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படித்து வெளியேறிவிடுவார்கள் என்பதுதான் கேள்வி.

நடுவர் நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது

விசித்திரம் என்னவென்றால், துறைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசித் தீர்ப்பதற்கென்றே ஒரு பதவியை 1970-களிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் பழங்குடியினர் துணைத் திட்டம் வந்தது. அதன் கையாக வந்ததுதான் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டம். கொல்லிமலையும் அதில் ஒரு பகுதி. பெயரிலேயே ‘ஒருங்கிணைந்த’ என்று இருக்கிறது. மலைவாசியின் நிலம், படிப்பு, மருத்துவம், சாலை எல்லாம் தனித்தனித் துறைகளில் சிதறிக் கிடப்பதால், அவற்றை ஓரிடத்தில் சேர்க்க ஒரு திட்ட அலுவலர் வேண்டும் என்பதே யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் திட்ட அலுவலரும் ஒரு துறையின் ஆள். அவர் கூப்பிட்டால் இன்னொரு துறை அலுவலர் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எவ்வளவு என்பது, பெரும்பாலும் ஆட்சியர் எவ்வளவு அக்கறை காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

கல்லூரிகளில் இப்போது இந்த நடுவர் விஷயம் கொஞ்சம் தெளிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1967-லேயே ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்தது. நம் பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் வெளியிட்ட விதிகளின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாணவர்களுக்காக ஒரு குறைதீர்ப்பாளரை வைத்தாக வேண்டும். அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ பேராசிரியராகவோ முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருக்கலாம். கல்லூரியின் குழு 15 வேலை நாளுக்குள்ளும் குறைதீர்ப்பாளர் 30 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். நடுவர் எந்தத் துறையின் கீழும் இருக்கக் கூடாது. முடிவுக்கு ஒரு தேதி இருக்க வேண்டும். கொல்லிமலைப் பள்ளிக்கு இந்த இரண்டும் எங்கே கிடைக்கும்?

பழைய பஞ்சாயத்தும் புதுப் பதிவேடும்

பஞ்சாயத்து பேசுவது மலைக்குப் புதிதல்ல. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டுக்கவுண்டர், அதற்கு மேல் பட்டக்காரர் என்று ஒரு படிநிலை நெடுங்காலமாக இருந்திருக்கிறது. ஊரில் தீராதது நாட்டுக்குப் போகும். யாரிடம் போனால் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதே அந்த முறையின் பலம். குறையும் சொல்லியாக வேண்டும். அது ஆண்களின் சபை. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மகள் படும் பாட்டை நன்றாக அறிந்தவள் அம்மா. அவளுக்கு அங்கே பேச்சில்லை.

அந்தப் பேச்சு வேறொரு இடத்தில் இருக்கிறது. 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கட்டாயம். பள்ளி எந்தத் துறையுடையதாக இருந்தாலும் சரி. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதுப்பித்தபோது தலைமைப் பொறுப்பில் தாய்மார்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். ஊராட்சியின் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள்.

அதாவது தண்ணீர் தர வேண்டிய ஊராட்சியும், பள்ளி நடத்தும் துறையின் தலைமையாசிரியரும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மாவும் ஒரே பாயில் உட்காருகிற இடம் இது ஒன்றுதான். இந்தக் கூட்டம் எந்தத் துறைக்கும் கீழ்ப்பட்டதல்ல. ‘உரிய வழியாக’ என்ற சங்கிலி பெற்றோரைக் கட்டாது. அவர்கள் யாருக்கும் நேராக எழுதலாம்.

குழு இருக்கிற எல்லாப் பள்ளியிலும் இது நடக்கிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். கையெழுத்துக்காகப் பதிவேடு வீடு வீடாகப் போகும் ஊர்களும் உண்டு. கூட்டம் கூடினாலும், ‘தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதப்படும் தீர்மானத்தைப் படிக்கிற அலுவலர், அது தன் துறைக்கு இல்லை என்று நிம்மதியாக மூடி வைத்துவிடலாம். ‘மோட்டார் எந்தத் தேதியில் பழுதானது, கிணறு யார் பதிவேட்டில் இருக்கிறது, எத்தனை மாணவிகள் தங்கியிருக்கிறார்கள், இரண்டு துறை அலுவலர்களும் எந்தத் தேதிக்குள் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் மூடி வைப்பது கஷ்டம். அந்தத் தீர்மானத்தின் நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால், ரசீது கிடைக்கும். இரண்டு துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் மாவட்டத்தில் அவர்தான்.

அதே சட்டத்தின் 32-வது பிரிவும் இருக்கிறது. குழந்தையின் கல்வி உரிமை பற்றிய புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேதி வேண்டும் என்று கேட்டோமே, அது சட்டத்திலேயே இருக்கிறது. பலருக்கும் தெரியாது.

வனத்துறையோடு என்றால் கிராம சபை

மலைப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு முட்டல், நிலம். கூடுதல் வகுப்பறை கட்ட இடம் காட்டினால், அது காப்புக்காடு என்று வனத்துறை சொல்லும். கல்வித் துறைக்கும் வனத்துறைக்கும் நடுவே கோப்பு வருடக்கணக்கில் தூங்கும்.

இதற்கு 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் 3(2) பிரிவில் பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை, குடிநீர், சாலை உட்பட 13 வகைப் பொது வசதிகளுக்கு வனநிலத்தைத் தரலாம். இடம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும். கவனியுங்கள், இரண்டு துறைகளுக்கு நடுவே பேசும் இடத்தைச் சட்டமே ஊர் மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தின் கீழ் உரிமைப் பட்டா தருவது நீதிமன்றத் தடையால் பல வருடங்கள் முடங்கிக் கிடந்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல்தான் தடையை நீக்கியது. அதனால் மலையில் பலருக்கு இந்தப் பிரிவு இன்னும் பழக்கமாகவில்லை.

கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குண்டனி நாட்டில் வகுப்பறைக்கு இடம் வேண்டும் என்றாலும், பள்ளிக்குப் போகும் பாதை வனத்துக்குள் வருகிறது என்றாலும், அந்த ஆறு நாளில் ஒரு நாள் தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணோடு ஏற வேண்டும். கூட்டம் முடிந்ததும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்கக் கூடாது. ஊராட்சிச் செயலர் ‘அப்புறம் தர்றேன்’ என்றால், அங்கேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.